நாட்டுப்புறச் சாலைகளை நேசித்த வெலோசியோ

சைக்கிள் என்றால் வேலைக்குப் போய்வரும் வாகனம் என்று நினைப்பவர்கள் உண்டு. பந்தயத்தில் முந்துவதற்கான யந்திரம் என்று நினைப்பவர்களும் உண்டு. இந்த இரண்டும் அல்லாத மூன்றாவது உபயோகம் ஒன்று இருக்கிறது. வண்டி அதிகம் ஓடாத சாலையில், ஊர் ஊராக, மரம் மலை ஆறு என்று பார்த்துக்கொண்டே, யாரோடும் போட்டியில்லாமல் நெடுந்தூரம் போவதுதான் அது. பிரான்ஸ் தேசத்தில் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கலைக்குத் தந்தை என்று அங்குள்ளவர்கள் ஒருவரைச் சொல்வார்கள். அவர் பந்தய வீரர் அல்ல. பட்டு வியாபாரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். இயற்பெயர் போல் த விவி. ஆனால் உலகம் அறிந்த பெயர் வெலோசியோ.

பட்டுக் கடையிலிருந்து சைக்கிள் கடைக்கு

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தென்பிரான்சில் பெர்ன் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். நீரூற்றுகளுக்குப் பேர்போன ஊர் அது. பிற்காலத்தில் ஊரின் பெயரோடு நீரூற்றுகளையும் சேர்த்துவிட்டார்கள். வானம் தெளிந்திருக்கும் நாட்களில் அங்கிருந்து பார்த்தால் வாந்து மலை தெரியும். உச்சியில் மரமே இல்லாமல், வெண்கற்கள் மூடி, கோடையிலும் பனி படர்ந்ததுபோல் தோன்றும் மலை. உயரம் 1,900 மீட்டருக்கும் அதிகம். பிற்காலத்தில் இந்த மலைமீதும் அவர் சைக்கிளில் ஏறினார்.

வாலிபத்தில் அவர் பட்டுத் தொழிலில் இறங்கினார். லியோன் நகரமும் அதற்கு அண்மையில் உள்ள சேந்த்-எத்தியேன் நகரமும் அந்தக் காலத்தில் பட்டுக்கும் ரிப்பனுக்கும் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவை. சேந்த்-எத்தியேனில் நிலக்கரிச் சுரங்கமும் துப்பாக்கித் தொழிற்சாலையும்கூட இருந்தன. புகையும் கரியும் படிந்த ஊர். இருந்தாலும், ஊர் எல்லையைத் தாண்டினால் உடனே மலை. மலையைத் தாண்டினால் ரோன் நதிப் பள்ளத்தாக்கு. அதைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனால் ஆலிவ் மரங்களும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த புரோவான்ஸ் சீமை. சைக்கிள்காரனுக்கு இதைவிட வாய்ப்பான ஊர் கிடைப்பது அரிது.

1881-இல், தமது 28-ஆம் வயதில், அவர் முதல் சைக்கிளை வாங்கினார். இன்று நாம் ஓட்டும் வண்டியைப்போல் அது இல்லை. முன்சக்கரம் ஆள் மார்பளவு உயரம், பின்சக்கரம் சிறியது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். சங்கிலி கிடையாது. கல் தடுக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழவேண்டியதுதான். அந்த வண்டியில் ஆறு மணி நேரத்துக்குள் 100 கிலோ மீட்டர் போகமுடியுமா என்று நண்பர் ஒருவர் பந்தயம் கட்டினாராம். வெலோசியோ லா ஷேஸ்-தியே என்ற மலையூரை நோக்கிக் கிளம்பி, பந்தயத்தில் வென்றார் என்று சொல்வதுண்டு. அன்று கிடைத்த பந்தயப் பணம் என்னவாயிற்றோ தெரியாது. மலைக்காற்றின் ருசி மட்டும் ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை.

அடுத்த ஆண்டே அவ்வூரில் தொடங்கிய சைக்கிள் சங்கத்தில் அவர் முன்னணியில் நின்றார். அந்நாளில் சைக்கிள் தொழிலுக்குத் தலைநகரம் இங்கிலாந்தின் காவென்ட்ரி. அங்கே 1885-இல்தான் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் ரோவர் வண்டியை வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வெலோசியோ இங்கிலாந்து சென்று அந்த வண்டிகளைப் பார்த்தார். பார்த்தவர், நன்றாக நடந்துகொண்டிருந்த பட்டு வியாபாரத்தை 1887-இல் விட்டுவிட்டு, சேந்த்-எத்தியேனில் சைக்கிள் வாங்கி விற்கும் கடை வைத்தார். குடும்பஸ்தராக இருக்கும் ஒருவர் இப்படிச் செய்வதைச் சுற்றத்தார் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டில் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். பிறகு அது லெ சிக்லிஸ்த், அதாவது சைக்கிள்காரன், என்ற பெயரால் பிரசித்தமாயிற்று. அதில் எழுதுவதற்காக அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்தான் வெலோசியோ. ஆசிரியர், கட்டுரையாளர், கடைக்காரர், வண்டி செய்பவர், செய்த வண்டியை ஓட்டிப் பார்ப்பவர் என்று எல்லாம் ஒருவரே.

சுங்கான் பிடித்தபடி முந்திய இளைஞன்

சேந்த்-எத்தியேனுக்குத் தெற்கே ஒரு கணவாய் இருக்கிறது. குடியரசுக் கணவாய் என்று பெயர். உயரம் 1,161 மீட்டர். ஊரிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ மீட்டர் தூரம் விடாமல் மேடு. ஊருக்கும் கணவாய்க்கும் ஏறக்குறைய 600 மீட்டர் உயர வித்தியாசம். இந்தச் சாலைதான் வெலோசியோவுக்குப் பரிசோதனைச் சாலை.

ஒருநாள் அவர் வியர்வை சொட்டச் சொட்ட இந்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாராம். பின்னால் வந்த இளைஞன் ஒருவன், வாயில் சுங்கான் புகைய, சாவகாசமாக அவரைக் கடந்து மேலே போய்விட்டான். அவன் அவருடைய பத்திரிகையின் வாசகன் என்றும் சொல்வார்கள். எந்த அளவு உண்மையோ, சைக்கிள்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. பலத்தில் அந்த இளைஞன் பெரியவன் என்று வெலோசியோ சமாதானம் செய்துகொண்டு விட்டுவிடவில்லை. இருவருடைய வண்டிகளிலும் பற்சக்கரங்களின் அளவு வேறு என்பதைக் கவனித்தார்.

இந்தக் கணக்கு எளிது. பெடலோடு சுழலும் முன்பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்சக்கரத்தில் 16 பற்களும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், வண்டி 6.3 மீட்டர் முன்னே போகும். சமதரையில் இது நன்றாயிருக்கும். மேட்டிலோ, பாரம் ஏற்றிய வண்டியை இழுக்கும் மாடுபோல் ஓட்டுபவர் திணறுவார். இரண்டு பக்கமும் 24 பற்கள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான் போகும். ஆனால் மேட்டிலும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். சமதரையில் இதே அளவு வைத்தால் கால் காற்றாடிபோல் சுழலுமே தவிர வண்டி நகராது.

அப்படியானால் ஒரே வண்டியில் இரண்டு அளவும் ஏன் இருக்கக்கூடாது? வெலோசியோ கேட்டது இந்தக் கேள்விதான். முதலில் இரண்டு பற்சக்கரங்களை அருகருகே பொருத்தினார். மேடு வந்ததும் இறங்கி, சங்கிலியைக் கையால் தூக்கி மற்றொன்றில் மாட்டவேண்டும். விரல் கறுத்தாலும் காரியம் நடந்தது. பிறகு பற்சக்கரங்களைக் கூட்டினார். இங்கிலாந்தில் வந்த புதுக் கருவிகளை வரவழைத்துத் தம் வண்டியில் மாட்டிப் பார்த்தார். நாளடைவில், ஓடிக்கொண்டிருக்கும்போதே சங்கிலியை ஒரு பல்வரிசையிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கருவி உருவாயிற்று. அதே ஊரைச் சேர்ந்த ஜோவானி பனெல் செய்து விற்ற ஷெமினோ என்ற கருவி இவற்றில் பெயர் பெற்றது. நாடோடி என்பது அச்சொல்லின் பொருள். இன்று உலகமெங்கும் ஓடும் கியர் சைக்கிள்களுக்கு முன்னோர்கள் இவைதாம்.

இவற்றுக்கெல்லாம் வெலோசியோ காப்புரிமை தேடி அலையவில்லை. தாம் கண்டதைப் பத்திரிகையில் எழுதிவிடுவார், வேண்டியவர் செய்துகொள்ளலாம். அதே ஊரில் சைக்கிள் செய்த வேறு சிலர் பெரும் முதலாளிகள் ஆனார்கள். வெலோசியோ அப்படி ஆகவில்லை.

ஊரே எதிர்த்த கருவி

கியர் என்றால் இன்று யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். அன்று நிலைமை வேறு. சைக்கிள் உற்பத்தியாளர்கள் ஒற்றைப் பல்வரிசை வண்டியையே ஆயிரக்கணக்கில் செய்து விற்றுவந்தார்கள். புதுக் கருவி அவர்களுக்குத் தலைவலி. பந்தயக்காரர்களுக்கோ கௌரவப் பிரச்சினை. மேட்டை உடல் வலிமையால் வெல்வதுதான் ஆண்மை, கருவியின் உதவியை நாடுவது பலவீனம் என்பது அவர்கள் கட்சி.

இந்தக் கட்சிக்குத் தலைவர் ஆன்ரி தெகிராஞ். தூர் த பிரான்ஸ் என்ற உலகப் புகழ்பெற்ற பந்தயத்தை 1903-இல் தொடங்கியவர் அவர்தான். அவர் நடத்திய பத்திரிகைக்கு நாடெங்கும் வாசகர்கள். அவர் எழுதினால் கடைகளில் விலை ஏறும், இறங்கும். வெலோசியோவின் பத்திரிகையோ ஒரு மலையூரிலிருந்து வெளிவந்த சிறு இதழ்.

1902-இல் சுற்றுப்பயணிகளின் சங்கமான தூரிங் கிளப் மலைப்பாதைகளில் ஒரு பரீட்சை நடத்தியது. தூரம் 240 கிலோ மீட்டர். அதில் பேர்பெற்ற வீரர் ஒருவர் ஒற்றைப் பல்வரிசை வண்டியில் கிளம்பினார். மார்த் ஹெஸ் என்ற பெண்மணி மூன்று வேகங்கள் கொண்ட கோலுவாஸ் வண்டியில் கிளம்பினார். கோலுவாஸ் என்பது வெலோசியோ செய்த வண்டி. வழிநெடுகிலும் அந்தப் பெண்மணி ஓரிடத்திலும் காலைத் தரையில் ஊன்றவில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

இத்துடன் வாதம் முடிந்திருக்கவேண்டும், முடியவில்லை. இப்படிப்பட்ட கருவி நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் ஏற்றது என்று தெகிராஞ் கேலி செய்தார். தமது பந்தயத்தில் வீரர்கள் அதை உபயோகிக்கவும் அவர் இடங்கொடுக்கவில்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். சக்கரத்தின் மறுபக்கத்தில் வேறு அளவுப் பற்சக்கரம் இருக்கும். இப்படியே பல ஆண்டுகள் போயின. கடைசியில் 1937-இல்தான் தூர் த பிரான்சில் கியருக்கு அனுமதி கிடைத்தது. அதைப் பார்க்க வெலோசியோ உயிரோடு இல்லை.

வேறொருவராக இருந்தால் கசந்துபோயிருப்பார். அவர் எழுதிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் இருந்தார். பந்தய வீரன் ஒரு நாட்டில் நூறு பேர் இருக்கலாம். காற்று வாங்கவும் ஊர் பார்க்கவும் புறப்படும் சாதாரண மனிதர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆசிரியர், குமாஸ்தா, கடைக்காரர், வயதானவர், பெண்கள் எல்லோரும் மலை ஏறவேண்டுமானால் கியர் வேண்டும். அவருடைய வழக்கு அவ்வளவுதான்.

ஏழு விதிகள்

வெலோசியோவின் பயணங்கள் நம்மை மலைக்கவைக்கும். பல சமயம் இரவிலேயே கிளம்பிவிடுவார். குடியரசுக் கணவாயைத் தாண்டி, பூர்-அர்ஜந்தால் வழியாக இறங்கி, விடியும்போது ரோன் நதிக்கரையில் இருப்பார். வாலான்ஸ், மொந்தேலிமார், ஓரான்ஜ் என்று ஊர்கள் பின்னால் போகும். சேந்த்-எத்தியேனிலிருந்து அவிஞ்ஞோன் நகரம் சுமார் 200 கிலோ மீட்டர். அங்கே திரும்பினால், மிஸ்திரால் என்ற வடகாற்று முகத்தில் அறையும். ஆண்டுதோறும் ஈஸ்டர் சமயத்தில் நண்பர்கள், சீடர்களோடு புரோவான்சில் கூடுவதையும் வழக்கமாக வைத்துக்கொண்டார்.

அந்த அனுபவத்திலிருந்து ஏழு விதிகளை அவர் வகுத்தார். இன்றும் நெடுந்தூரம் செல்லும் சைக்கிள்காரர்கள் அவற்றை வேதவாக்காகக் கொள்கிறார்கள். சாரத்தை மட்டும் நம் வார்த்தையில் சொல்வோம்.

வழியில் நிற்பது குறைவாகவும் சிறிது நேரமாகவும் இருக்கவேண்டும். அதிக நேரம் நின்றால் கால் இறுகிவிடும். பசிப்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும். தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்கவேண்டும். பசியும் உறக்கமும் அற்றுப்போகும் அளவுக்குக் களைப்படையக் கூடாது. குளிர்வதற்கு முன் போர்த்திக்கொள்ளவேண்டும். வெயிலுக்கும் காற்றுக்கும் உடம்பைக் காட்ட அஞ்சக்கூடாது. பயணத்தின்போதாவது மாமிசம், மது, புகையிலை மூன்றையும் தள்ளிவைக்கவேண்டும். சக்திக்கு மீறி மிதிக்கக்கூடாது. முக்கியமாக, உற்சாகம் பொங்கும் முதல் சில மணி நேரத்தில் அடக்கம் வேண்டும். ஏழாவது, பிறர் மெச்சவேண்டும் என்பதற்காக ஒருபோதும் பெடலை மிதிக்கக்கூடாது.

இவற்றில் ஆறு விதிகள் உடம்புக்கு. ஏழாவது விதி மனசுக்கு. பந்தயக்காரர்களுக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் முழுவதும் அந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது.

அவர் சொன்னபடி நடந்தவர். மாமிசத்தைத் தாமே விட்டுவிட்டார். தேசங்களுக்கெல்லாம் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பராந்தோவைக் கற்றார். காலையில் பழைய ரோமாபுரி ஞானி செனெக்காவின் நூலைப் படிப்பது அவர் பழக்கம் என்பார்கள். எழுபது வயதிலும் அவர் நீண்ட பயணங்களை விடவில்லை. 1922-இல் அவரைக் கௌரவிப்பதற்காகச் சீடர்கள் வெலோசியோ தினம் கொண்டாடினார்கள். அன்று சேந்த்-எத்தியேனிலிருந்து குடியரசுக் கணவாய்வரை எல்லோரும் சைக்கிளில் ஏறினார்கள். அந்த விழா பல தலைமுறைகளாக நடந்துவருகிறது.

பட்டணத்து வீதியில்

பனியிலும் மழையிலும், நடுநிசியிலும், விளக்கில்லாத மலைச் சரிவுகளிலும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தப்பித்த மனிதருக்கு முடிவு சொந்த ஊரின் வீதியிலேயே காத்திருந்தது. 1930-இல் ஒரு நாள், போக்குவரத்து மிகுந்த வீதியில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துகொண்டிருந்தார். எதிரே வந்த மோட்டார் வண்டிக்கு விலகிப் பின்வாங்கியபோது டிராம் வண்டி மோதிவிட்டது என்று சொல்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 76. குடியரசுக் கணவாயில் அவருக்கு நினைவுக்கல் எழுப்பியிருக்கிறார்கள்.

எஞ்சி நிற்கும் சாலைகள்

வெலோசியோ ஓட்டிய சாலைகள் என்னவாயின என்று கேட்கலாம். மோட்டார் பெருகியபோது எல்லாம் போய்விடும் என்றுதான் பலர் பயந்தார்கள். ஆனால் பிரான்சில் ஒரு வசதி ஏற்கெனவே இருந்தது. 1836-இல் அந்நாட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கிராமமும் தன் எல்லைக்குள் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போகும் வழிகளைப் பராமரிக்கவேண்டும் என்றும், அதற்கு வேண்டிய வரியையும் உழைப்பையும் தரவேண்டும் என்றும் அது விதித்தது. விவசாயி தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதன் பயனாக, எந்தக் கிராமத்திலிருந்தும் எந்தக் கிராமத்துக்கும் பெரிய சாலையைத் தொடாமலே போகும்படி வழிகள் பின்னிவிட்டன.

இன்று பிரான்சில் மொத்தம் 10 லட்சம் கிலோ மீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது. அதில் மிகப் பெரும் பகுதி மாவட்டச் சாலைகளும் கிராமச் சாலைகளுமே. நெடுந்தூர மோட்டார்களை விரைவுச் சாலைகள் இழுத்துக்கொண்டன. கிராமத்து ஜனங்களில் பலர் பட்டணங்களுக்குக் குடிபோனார்கள். ஆகவே, தார் போட்ட நல்ல சாலையில் அரை மணி நேரம் போனாலும் எதிரே ஒரு வண்டி வராத இடங்கள் அங்கே இன்னும் உண்டு. சாலையோரத்து மைல்கல்லைப் பார்த்தே சைக்கிள்காரர்கள் வழியைத் தேர்ந்துகொள்வார்கள். தலையில் சிவப்புப் பூசியது தேசியச் சாலை. மஞ்சள் பூசியது மாவட்டச் சாலை. மஞ்சளைப் பிடித்தால் நிம்மதி. 1910-இல் மிஷ்லேன் டயர் கம்பெனி வெளியிடத் தொடங்கிய தேசப்படங்களும் இந்தச் சிறு வழிகளைத் துலக்கமாகக் காட்டின. மோட்டார்காரர்களுக்காகப் போட்ட படங்கள், மோட்டாரைத் தவிர்க்க விரும்பியவர்களுக்கும் உதவின.

அண்மைக் காலத்தில், ரயில் ஓடாத பழைய இருப்புப் பாதைகளைப் பச்சை வழிகள் என்று மாற்றியிருக்கிறார்கள். பர்கண்டிப் பிரதேசத்தில் ஜிவ்ரியிலிருந்து குளூனிவரை அப்படி ஒரு வழி 1997-இல் திறக்கப்பட்டது. ஜெனீவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல்வரை ரோன் நதியோடு சுமார் 800 கிலோ மீட்டர் சைக்கிள் வழியும் அமைத்திருக்கிறார்கள். வெலோசியோ வடகாற்றை எதிர்த்து மிதித்த அதே பள்ளத்தாக்கு!

தூர் த பிரான்சில் வென்ற வீரர்களின் பெயர்களைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. கியரை மாற்றி, மூச்சு வாங்காமல், மலைமேல் ஏறி நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் பெயரை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை. வெலோசியோ வாழ்ந்ததும் வாதாடியதும் அந்த ஆசிரியருக்காகத்தான்.